முதல் ஃபைனல் ஃபேன்டஸி: கார்னீலியாவில் தொடங்கி பஹாமுட்டைப் பார்க்கும் வரை, பாதியில் விடாமல் ஆட ஒரு முழு வழிகாட்டி

இது 1987இல் வந்த முதல் ஃபைனல் ஃபேன்டஸி வீடியோ கேமுக்கான வழிகாட்டி. 2021இல் வந்த பிக்ஸல் ரீமாஸ்டர் பதிப்பை வைத்து எழுதுகிறேன், ஏனென்றால் இப்போது புதிதாக ஆடுபவர்கள் பெரும்பாலும் அதைத்தான் வாங்குகிறார்கள். பழைய பதிப்பில் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன். ஊர்ப்பெயர்கள் கொஞ்சம் மாறும்: இங்கே கார்னீலியா என்றால் பழையதில் கொனேரியா, எல்ஃப்ஹைம் என்றால் எல்ஃப்லேண்ட்.

இதைப் புதிதாக ஆட வருபவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்று புரியும். அவர்கள் தோற்பது லெவல் குறைவதால் அல்ல. குகைக்குள் இறங்கும்போது அடிமட்டம் வரை போவதற்கு மட்டும் கணக்குப் போடுகிறார்கள், ஏறி வருவதற்குப் போடுவதில்லை. இந்த ஆட்டத்தின் முதல் பாதியில் குகையிலிருந்து சட்டென்று வெளியே வரும் மந்திரம் கையில் கிடையாது, போன வழியிலேயே நடந்து திரும்ப வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாமே இந்தக் கணக்கை வைத்துத்தான்.

1. நால்வரைத் தேர்ந்தெடுத்தல்

ஆறு வகை ஆட்கள்: வாரியர், தீஃப், மங்க், ரெட் மேஜ், ஒயிட் மேஜ் (குணமாக்கும், காக்கும் மந்திரம்), பிளாக் மேஜ் (பெரும்பாலும் தாக்கும் மந்திரம்). ஒருமுறை தேர்ந்தெடுத்தால் கடைசி வரை அவர்கள்தான், நடுவில் ஆளை மாற்ற வழியில்லை. அதனால் இங்கே ஐந்து நிமிடம் யோசிப்பது தப்பில்லை.

முதல் தடவை ஆடுகிறீர்கள் என்றால் வாரியர், மங்க், ஒயிட் மேஜ், பிளாக் மேஜ் என்று எடுங்கள். வாரியருக்குக் கவசம் வாங்கவே பணம் கரையும். மங்க் அதற்கு நேர் எதிர், சில லெவல் ஏறியதும் வெறுங்கையாலேயே நன்றாக அடிப்பார். அந்த மிச்சப் பணத்தில்தான் மற்ற இருவருக்கும் மந்திரம் வாங்க முடியும். இரண்டு வாரியர் எடுத்தவர்கள் எல்ஃப்ஹைம் கடைவாசலில் வெறும் பையோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ரெட் மேஜ் ஆரம்பத்தில் ராஜா மாதிரி இருப்பார். வாள் பிடிப்பார், இரண்டு வகை மந்திரமும் போடுவார். ஆனால் உயர்ந்த மந்திரங்கள் பல அவருக்குக் கிடைக்காது, போகப் போக மங்கிவிடுவார். தீஃப் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம், நால்வரும் உயர்ந்த வகைக்கு மாறும் கிளாஸ் மாற்றம் (பத்தாவது படி) வரை அவரைச் சுமக்கப் பொறுமை இருந்தால் சரி.

வரிசையும் முக்கியம். முதலில் நிற்பவர்மீதுதான் எதிரியின் அடி அதிகம் விழும். பழைய பதிப்பின் கணக்கில் முதல் ஆளுக்கு ஐம்பது சதவீதம், இரண்டாமவருக்கு இருபத்தைந்து, மிச்சம் கடைசி இருவருக்கும் பாதிப்பாதி. வாரியர் முதலில், மங்க் இரண்டாவது, மேஜ்கள் பின்னால். ஒயிட் மேஜ் முதல் இடத்தில் நின்றால் உங்கள் மருந்தெல்லாம் அவருக்கே செலவாகும்.

2. கார்னீலியாவில் முதல் கடைச்செலவு

கையில் இருப்பது சில நூறு கில்தான் (கில் என்பது இந்த ஆட்டத்தின் பணம்). செலவு செய்யும் வரிசை இது:

முதலில் ஒயிட் மேஜுக்கு உயிர் ஏற்றும் க்யூர் மந்திரம். அடுத்து பிளாக் மேஜுக்கு ஃபயர் அல்லது தண்டர், ஏதாவது ஒன்று. அப்புறம் வாரியருக்குச் சங்கிலிக் கவசம். மீதிப் பணத்தில் போஷன், அதாவது உயிர் ஏற்றும் மருந்து. மங்குக்கு வேண்டுமானால் ஒரு நஞ்சாக்கு, கொஞ்ச லெவல் ஏறியதும் கழற்றிவிடுங்கள். ஆயுதத்தோடும் ஆயுதமில்லாமலும் தாக்குதல் எண் எவ்வளவு என்று அவ்வப்போது திரையில் பார்த்துக்கொண்டே இருங்கள், வெறுங்கை எண் பெரிதான அன்றைக்கே கழற்றிவிடலாம்.

வாங்கியதை மாட்ட மறக்காதீர்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் வாளைப் பையில் வைத்துக்கொண்டு வெறுங்கையோடு கோப்ளினிடம் அடி வாங்கும் வாரியர் எல்லாருடைய முதல் ஆட்டத்திலும் ஒரு தடவையாவது வருகிறார்.

மந்திரம் வாங்குவது பற்றி இங்கேயே ஒரு விஷயம். ஒவ்வொரு நிலையிலும் நான்கு ஒயிட், நான்கு பிளாக் மந்திரம் விற்பார்கள், ஆனால் ஒரு ஆள் ஒரு நிலையில் மூன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். பழைய பதிப்பில் கற்றதை அழிக்கவும் முடியாது. முதல் நிலையில் பிளாக் மேஜுக்கு ஃபயர், தண்டர், ஸ்லீப் போதும், ஃபோகஸ் வேண்டாம். கோப்ளின் கூட்டமாக வரும்போது ஸ்லீப் நிறைய அடியை மிச்சப்படுத்தும்.

எல்லா மந்திரத்துக்கும் பொதுவான எம்பி (மந்திரப் புள்ளி) கிடையாது. ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி எண்ணிக்கை உண்டு, ஆரம்பத்தில் முதல் நிலைக்கு இரண்டு தடவைதான். தீர்ந்தால் விடுதியில் தூங்கினால் திரும்ப வரும். அதனால் சாதாரணச் சண்டையில் பிளாக் மேஜ் சும்மா நின்றாலும் பரவாயில்லை.

3. கார்லாண்ட், இளவரசி, அந்த லூட்

ஊரைச் சுற்றியே கொஞ்ச நேரம் சண்டை போட்டு எல்லாரும் மூன்றாவது லெவலுக்கு வந்ததும் வடமேற்கே இருக்கும் கேயாஸ் ஷ்ரைனுக்குப் போங்கள். இளவரசி சாராவைக் கடத்திய கார்லாண்ட் அங்கேதான் இருப்பார், வெறும் அடிதான் அடிப்பார். மந்திரத்தைச் சேமித்து வைத்திருந்தால் இரண்டு மூன்று சுற்றில் முடியும். பூட்டிய அறைகள் கண்ணில் படும், இப்போது திறக்காது, விட்டுவிடுங்கள்.

இளவரசி சாராவோடு அரண்மனைக்குத் திரும்பியதும் ராஜா வடக்குப் பாலத்தைக் கட்டச் சொல்வார். உடனே ஓடிவிடாமல் சாராவிடம் பேசி லூட் என்ற இசைக்கருவியை வாங்குங்கள். அது ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில்தான் தேவைப்படும், அதனாலேயே பலர் மறந்துவிடுகிறார்கள்.

4. பாலம் தாண்டி ப்ரவோகா

பாலத்துக்கு வடக்கே மடோயா என்ற மூதாட்டியின் குகை இருக்கிறது. பேசும் துடைப்பங்களும் சில பெட்டிகளும் உண்டு. பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மூதாட்டி கண் தெரியாமல் தவிப்பார், அதை நினைவில் வைத்தால் போதும்.

கிழக்கே ப்ரவோகாவில் பிக்கே என்ற கடற்கொள்ளையன். ஒன்பது ஆட்களை ஏவிவிடுவான், ஒவ்வொருவரும் பலவீனம். விடுதியில் தூங்கிவிட்டுப் போனால் சிரமமே இல்லை. ஜெயித்தால் கப்பல் உங்களுடையது.

கப்பலைத் துறைமுகத்தில் மட்டும்தான் நிறுத்த முடியும். கரையோரம் எங்கே மோதினாலும் இறங்க முடியாது. இது தெரியாமல் கடலிலேயே சுற்றிச் சுற்றி சஹாகினிடம் சாகிறவர்கள் உண்டு. கடல் எதிரிகளுக்குத் தண்டர் நன்றாக வேலை செய்யும்.

5. எல்ஃப்ஹைமில் நின்று பணம் சேர்த்தல்

பெரும்பாலானவர்கள் தாண்டிக் குதிக்கும் படி இதுதான். உள்கடலைத் தெற்கே கடந்து எல்ஃப்ஹைம் வந்ததும் தூங்கும் இளவரசன் கதை கேட்டு நேராக மார்ஷ் குகைக்குப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள். இங்கே கடைவிலை திடீரென்று ஏறும். பழைய பதிப்பில் மந்திரம் முதல் நிலைக்கு 100 கில், இரண்டாவதுக்கு 400, மூன்றாவதுக்கு 1500, நான்காவதுக்கு 4000. கடையில் இருக்கும் மித்ரில் வாள் இன்னொரு 4000. ரீமாஸ்டரில் எண்கள் மாறினாலும் ஏற்றத்தின் போக்கு இதுதான். லெவல் தானாக ஏறும், பணம் அப்படிச் சேராது.

ஊரைச் சுற்றி ஓகர்கள் வருவார்கள், நல்ல காசு. இரண்டு மூன்று சண்டை, விடுதி, திரும்ப இரண்டு மூன்று சண்டை என்று போங்கள். சலித்துவிட்டால் ப்ரவோகாவுக்கு வடகிழக்கே நீண்டிருக்கும் ஒல்லியான தீபகற்பத்தின் முனைக்குப் போகலாம். ஆட்டத்தின் வரைபடம் எதிரிகளுக்காகச் சதுரம் சதுரமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, அந்த முனையின் சில கட்டங்கள் ரொம்பத் தள்ளி வரவேண்டிய பகுதியின் சதுரத்துக்குள் விழுந்துவிட்டன. அதனால் அங்கே டிரால் மாதிரி பெரிய எதிரிகள் வருவார்கள், ஃபயர் போட்டு ஜெயித்தால் அனுபவமும் பணமும் கொட்டும். ஒவ்வொரு சண்டைக்கும் சேமித்துக்கொண்டு ஆடுங்கள், தப்பினால் நால்வரும் காலி. கன்சோல் பதிப்பில் அனுபவத்தையும் பணத்தையும் பெருக்கும் வசதி இருக்கிறது. நேரமில்லாதவர்கள் போட்டுக்கொள்ளலாம், அதில் ஒரு வெட்கமும் இல்லை. ஆனால் நான்கு மடங்கு வைத்தால் அடுத்த பத்து மணி நேரம் ஆட்டத்தில் ஆட்டமே இருக்காது.

வாங்க வேண்டியவை: ஒயிட் மேஜுக்கு மூன்றாம் நிலை க்யூரா. பிளாக் மேஜுக்கு ஃபிரா, தண்டாரா, நான்காம் நிலையில் ஹேஸ்ட். வாரியர்மீது ஹேஸ்ட் போட்டால் அவர் அடிக்கும் எண்ணிக்கை இரட்டிப்பாகும், இனி வரும் ஒவ்வொரு பெரிய எதிரிக்கும் இதுதான் உங்கள் முதல் சுற்று. அடியின் பலத்தை ஏற்றும் டெம்பர் மந்திரம் பழைய பதிப்பில் ஒரு பிழையால் வேலையே செய்யாது, பின்னால் வந்த பதிப்புகளில் சரிசெய்துவிட்டார்கள். இன்னொன்று, அந்த நிலைக்கு எண்ணிக்கை வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். நான்காயிரம் கொடுத்துக் கற்றுவிட்டுப் போட முடியாமல் உட்கார்ந்திருப்பது கொடுமை.

6. மார்ஷ் குகை: போகவும் வரவும்

எல்ஃப்ஹைமுக்குத் தென்மேற்கே சதுப்பு நிலத்தில் வாசல். அடிமட்டத்தில் இருக்கும் கிரீடத்தை எடுப்பதுதான் இங்கே வேலை. புதியவர்கள் ஆட்டத்தை மூடி வைத்துவிட்டுப் போகும் இடம் இதுதான்.

முன்னேற்பாடு: போஷன் பை நிறைய. ஆன்டிடோட்டும் அப்படியே, ஏனென்றால் இங்கே பாம்பும் பூச்சியும் மாற்றி மாற்றி விஷம் ஏற்றும், விஷத்தோடு நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் உயிர் குறையும். கூடாரம் இரண்டு மூன்று. கூடாரம் வெளி வரைபடத்தில் மட்டும்தான் விரிக்க முடியும் என்பதால் வாசலுக்கு முன்னால் ஒன்றை விரித்து, சேமித்துவிட்டு உள்ளே போங்கள்.

முதல் முயற்சியிலேயே கிரீடம் எடுக்கணும் என்று நினைக்காதீர்கள். கீழே போகும் வழிகளில் ஒன்று பெட்டிகளோடு முடிந்துவிடும். முதல் சுற்றில் அதை மட்டும் காலிசெய்துவிட்டு வெளியே வந்து தூங்குங்கள். இரண்டாவது சுற்றில் நேராக அடிமட்டம். ரீமாஸ்டரில் ஒவ்வொரு இடத்திலும் எத்தனை பெட்டி இருக்கிறது என்று திரையே காட்டிவிடும், எதையும் தவறவிட்டோமோ என்று அலைய வேண்டாம்.

நான் புதியவர்களுக்குச் சொல்லும் ஒரே விதி: போஷன் பாதியானதும் திரும்பு. கிரீடம் இன்னும் இரண்டு அறை தள்ளித்தான் இருக்கிறது என்று தெரிந்தாலும் திரும்பு. வரும் வழியிலும் அதே எதிரிகள் அதே அளவு வருவார்கள்.

பச்சை ஸ்லைமை வாளால் அடிக்காதீர்கள், ஏறவே ஏறாது. ஃபயர் போடுங்கள், இல்லை ஓடிவிடுங்கள். ஓடுவது இந்த ஆட்டத்தில் கோழைத்தனம் அல்ல, மந்திரச் சேமிப்பு.

அடிமட்டத்தில் வரிசை வரிசையாகச் சதுர அறைகள், சில பூட்டியிருக்கும். கிரீடப் பெட்டிக்கு முன்னால் இருக்கும் கட்டத்தில் காலை வைத்தால் பிஸ்கோடீமன் கூட்டம் நிச்சயமாக வரும், இது தற்செயல் சண்டை அல்ல. அதனால் அந்தக் கட்டத்துக்கு முன்னால் நின்று எல்லாருக்கும் உயிரை நிரப்புங்கள். முதல் சுற்றிலேயே தண்டாரா அல்லது ஃபிரா கூட்டத்தின்மீது, வாரியரும் மங்கும் ஒரே ஆளின்மீது. பழைய பதிப்பில் ஆடுகிறவர்கள் கவனிக்க: இருவரும் குறிவைத்த எதிரி முதல் அடியிலேயே செத்துவிட்டால் இரண்டாவது அடி காற்றில் போகும். ரீமாஸ்டரில் அது தானாக அடுத்த எதிரிக்குத் திரும்பும்.

கிரீடம் கிடைத்ததும் வேறு எதையும் தேடாமல் நேராக மேலே.

7. ஆஸ்டோஸும் கைமாற்று வேலைகளும்

மேற்குக் கோட்டையில் ஒரு ராஜா கிரீடம் கேட்பார். கிரீடத்தோடு போய்ப் பேசியதும் ஆஸ்டோஸ் என்ற டார்க் எல்ஃபாக மாறிவிடுவார், கிரீடம் உங்களிடமே இருக்கும். அவர் ஒரே மந்திரத்தில் ஒரு ஆளைச் சாகடிக்கக்கூடியவர், அதைத் தடுக்க இப்போது உங்களிடம் எதுவும் இல்லை. எனவே கோட்டைக்கு வெளியே சேமித்துவிட்டுப் போங்கள், ஹேஸ்டோடு வேகமாக முடியுங்கள். ஒயிட் மேஜ் செத்தால் மட்டும் சேமித்ததைத் திரும்ப ஏற்றி ஆடுவது நல்லது, மற்றவர் என்றால் ஊர்க்கோயிலில் எழுப்பிக்கொள்ளலாம்.

இனிமேல் வருவது கைமாற்று வேலை, இதன் வரிசை மாறக்கூடாது. ஆஸ்டோஸிடம் கிடைத்த படிகக் கண்ணை மடோயாவிடம் கொடுங்கள், மருந்து தருவார். மருந்தை எல்ஃப்ஹைம் அரண்மனைக்குக் கொண்டுபோனால் இளவரசன் எழுந்து மாயச் சாவி தருவான். சாவியோடு கார்னீலியா அரண்மனையின் பூட்டிய அறைக்குப் போய் வெடிமருந்தை எடுங்கள். அதைக் குள்ளர்கள் வாழும் டுவெர்கார் மலைக்குக் கொண்டுபோய் நெரிக் என்பவரிடம் கொடுத்தால் கால்வாயை வெடித்துத் திறப்பார், அதன்பிறகுதான் கப்பல் உள்கடலை விட்டு வெளியே போகும்.

சாவி கிடைத்ததும் பலர் அவசரமாக வெடிமருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கார்னீலியா, கேயாஸ் ஷ்ரைன், எல்ஃப்ஹைம், மேற்குக் கோட்டை, டுவெர்கார் மலை, எல்லா இடத்திலும் பூட்டிய அறைக்குள் ஆயுதமும் கவசமும் காத்திருக்கின்றன. ஒரு சுற்று போய் அள்ளுங்கள். தேவையில்லாததை விற்றாலே அடுத்த ஊரின் மந்திரச்செலவில் பாதி வந்துவிடும்.

8. மெல்மண்டும் மண் குகையும்

மெல்மண்டில் பொருள் கடை கிடையாது. கோயிலும் இடிந்து கிடக்கிறது, செத்தவர்களை எழுப்ப முடியாது. எனவே எல்ஃப்ஹைமிலேயே போஷன், கூடாரம், கோல்டு நீடில் எல்லாம் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். கோல்டு நீடில் எதற்கு என்றால் மண் குகையில் காக்கட்ரைஸ் தொட்டால் ஆள் கல்லாகிவிடுவார். மெல்மண்டில் வாங்க வேண்டியது ஐந்தாம் நிலை மந்திரம், முதலில் லைஃப். இறந்தவரைக் குகைக்குள்ளேயே எழுப்ப முடியும் என்றானபின் ஆட்டமே வேறு.

குகையின் முதல் தளத்தில் ஒரு நீண்ட நடைபாதையில் ஒவ்வொரு அடிக்கும் ராட்சதர்கள் வருவார்கள். பலமிருந்தால் அனுபவம் சேர்க்க நல்ல இடம், இல்லையென்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மூன்றாம் தளத்தில் வாம்பயர். ஃபயர் வகையும் டியா வகையும் (இறந்த வகை எதிரிகளை அடிக்கும் ஒயிட் மந்திரம்) அவனுக்கு ஆகாது, சுலபமாக விழுவான். இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். நிலம் அழுகுவதற்கு வாம்பயர்தான் காரணம் என்று ஊரே சொன்னதால் வேலை முடிந்தது என்று நினைத்து அடுத்து என்ன என்று உலகம் முழுவதும் தேடுவார்கள். வேலை இன்னும் முடியவில்லை. அவனுக்குப் பின்னால் இருக்கும் பெட்டியில் ஸ்டார் ரூபி இருக்கும். அதை எடுத்துக்கொண்டு மெல்மண்டுக்கு மேற்கே குகையில் வழிமறித்து நிற்கும் டைட்டனிடம் கொடுத்தால் தின்றுவிட்டு விலகுவான். அதைத் தாண்டினால் சாடா என்ற முனிவர், மண்கோல் தருவார். அந்தக் கோலோடு மறுபடி மூன்றாம் தளம், வாம்பயர் இருந்த அறைக்குப் பின்னால் இருக்கும் கல்தகட்டில் பயன்படுத்தினால் கீழே வழி திறக்கும். அடியில் லிச், மண் படிகத்தைப் பிடித்து வைத்திருக்கும் பெரிய எதிரி. அவனும் இறந்த வகைதான், ஹேஸ்ட், ஃபிரா, டியாரா.

9. ஓடம், இரண்டு குகை, பறக்கும் கப்பல்

லிச் விழுந்தபின் கிரெசன்ட் லேக் ஊரில் வட்டமாக நிற்கும் பன்னிரண்டு முனிவர்களிடம் போனால் ஓடம் கிடைக்கும். இனி ஆறுகளில் போகலாம், கப்பலிலிருந்து நேராக ஆற்று முகத்துவாரத்துக்கும் இறங்கலாம், துறைமுகம் தேவையில்லை.

இங்கிருந்து குலுக் எரிமலை, பனிக்குகை இரண்டுக்குமே போகலாம். எது முதலில் என்று ஆட்டம் கட்டாயப்படுத்தாது. நான் எரிமலையை முதலில் சொல்வேன். எரிமலைக் குழம்பில் நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு உயிர்ப்புள்ளிதான் போகும், எதிரிகளுக்கு ஐஸ் வகை மந்திரம் பிடிக்காது, பெட்டிகள் நிறைய. அடியில் இருக்கும் பெரிய எதிரி மாரிலித்தோடு மோதும்போது, நெருப்பைத் தடுக்கும் நல்பிளேஸை உங்கள் ஆட்கள்மீது போட்டுவிட்டு ஹேஸ்ட் போடுங்கள். அவளைத் தாங்க முடியவில்லை என்றால் பெட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம், அப்புறம் வந்து முடிக்கலாம்.

பனிக்குகை வேறு விஷயம். மைண்ட்ஃப்ளேயர் தொட்டே சாகடிக்கும், மந்திரவாதிகள் கூட்டமாக வந்தால் முதல் சுற்றிலேயே பாதிப் பேர் போய்விடுவார்கள். லெவல் ஏற்றினாலும் இது முழுவதும் தீராது. ஓட முடிந்தால் ஓடுங்கள், தளம் மாறும்போதெல்லாம் சேமியுங்கள். தரையில் இருக்கும் ஓட்டைகளைத் தவிர்க்கப் பார்ப்பார்கள், ஆனால் இங்கே எடுக்க வேண்டிய லெவிஸ்டோன் கல் இருக்கும் இடத்துக்கு ஓட்டையில் விழுந்துதான் போக வேண்டும். கல்லுக்கு முன்னால் ஈவில் ஐ காவல். உயிர் குறைவுதான், ஆனால் சாவு மந்திரம் போடும் என்பதால் முதல் சுற்றிலேயே எல்லா பலத்தையும் இறக்குங்கள்.

லெவிஸ்டோனைக் கிரெசன்ட் லேக்குக்குத் தெற்கே இருக்கும் பாலைவனத்தில் பயன்படுத்தினால் பறக்கும் கப்பல் மேலே எழும். அதைப் புல்வெளியில் மட்டும்தான் இறக்க முடியும். காட்டிலும் பாலைவனத்திலும் இறங்காது, அதனால் பல ஊர்களுக்குத் தள்ளி இறங்கி நீண்ட தூரம் நடக்க வேண்டியிருக்கும். கூடாரம் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. எலிவாலும் பஹாமுட்டும்

பறக்கும் கப்பல் வந்ததும் அடுத்த படிகத்தைத் தேடிப் போகாமல் சோதனைக் கோட்டைக்குப் போங்கள். உள்ளே விட மார்ஷ் குகையில் எடுத்த அதே கிரீடம் வேண்டும். தூண்களைத் தொட்டால் வேறு இடத்துக்குத் தூக்கிப்போடும் தளம் ஒன்று இருக்கிறது, தாளில் குறித்துக்கொண்டு போனால் சீக்கிரம் முடியும்.

பெட்டிகளை விடாதீர்கள். ஹீலிங் ஸ்டாஃப் இங்கேதான். சண்டையில் அதைப் பொருளாகப் பயன்படுத்தினால் நால்வருக்கும் உயிர் ஏறும், மந்திர எண்ணிக்கை ஒன்றும் குறையாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். பலவீனமான ஒரு எதிரியை மட்டும் உயிரோடு விட்டுவைத்து, ஒயிட் மேஜ் நான்கைந்து சுற்று கோலைத் தூக்கினால் குகை நடுவிலேயே எல்லாரும் தேறிவிடுவார்கள். அதேபோல் ஸூஸ் காண்ட்லெட்டைப் பயன்படுத்தினால் இலவசத் தண்டாரா.

மேல்தளத்தில் டிராகன் ஸாம்பிகளைத் தாண்டினால் எலிவால். அதை எடுத்துக்கொண்டு கார்டியா தீவுகளில் இருக்கும் டிராகன் குகைகளுக்குப் பறந்து, எல்லாக் குழிகளிலும் இறங்கிப் பார்த்து டிராகன்களின் ராஜாவான பஹாமுட்டைக் கண்டுபிடியுங்கள். எலிவாலைக் காட்டினால் நால்வரையும் உயர்ந்த வகைக்கு மாற்றுவார், இதுதான் கிளாஸ் மாற்றம். வாரியர் நைட் ஆவார், சின்ன ஒயிட் மந்திரங்கள் போடுவார். தீஃப் நிஞ்ஜா ஆகி பிளாக் மந்திரம் போடுவார், இத்தனை நேரம் சுமந்ததற்கு இப்போதுதான் பலன். மேஜ்கள் இதுவரை கற்க முடியாத உயர்நிலை மந்திரங்களையும் கற்கலாம்.

கிளாஸ் மாறியதும் எல்லாருடைய ஆயுதப் பக்கத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். இதுவரை யாரும் மாட்ட முடியாமல் பையில் கிடந்த சில பொருட்கள் இப்போது மாட்டும். நைட்டுக்கு ஒயிட் மந்திரம் தானாக வராது, கார்னீலியா கடைக்குத் திரும்பிப் போய் க்யூர் வாங்கிக் கொடுக்க வேண்டும்.